முன்சீட்டு இன்னைக்கு, பின்சீட்டு நாளைக்கு

ஊசிக்கானல் ஜீப்புல முன்சீட்டுல ஏறுனா இன்னைக்குப் போய் இறங்கலாம், பின்சீட்டுல ஏறுனா நாளைக்குத்தான் இறங்க முடியும். பதினோரு மாசம் இப்படித்தான் நடந்துச்சு. இதைக் கேட்டு வாயைப் பொளக்காதீங்க, எங்க ஊர்ல ஒருத்தரும் பொளக்கல. தலையில இடி விழுந்தாலும் 'இன்னைக்குச் சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி'ன்னு சொல்லிட்டு வெத்தலை மடிக்கிற ஜனங்க அவங்க. என் பேரு சவேரியம்மாள். ஜீப்பு ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல பஞ்சர், பேட்டரி, வயரிங் எல்லாம் பாக்குற கடை என்னுது. இந்த மலையில பொம்பளை நடத்துற ஒரே வொர்க்‌ஷாப்பு அதுதான், அதனாலதான் நான் சொன்னது ஒருத்தன் காதுலயும் ஏறல.

ஊருக்கு இருக்கிறது ஒரே ஜீப்பு, அதை நடத்துறதுக்கு ஒரு கமிட்டி, கமிட்டிக்கு ஒரு தலைவரு, அங்குச்சாமின்னு பேரு, வெள்ளை வேட்டியில ஒரு பொட்டுச் சேறு படாம மழைக்காலத்தையே தாண்டிருவாரு. கீழ்ப்பட்டிச் சந்தைக்குப் பதினாலு கிலோமீட்டர் இறக்கம், நடுவுல வழுக்குப்பாறை. அந்த இடத்துல ரெண்டு சக்கரம் மட்டும் இழுத்தா வண்டி நேரா பள்ளத்துக்குப் போயிரும், முன்னால ஒரு ஜீப்பு போயிருக்கு, இன்னும் கீழதான் கெடக்கு. அதனால பாறைக்கு முன்னாடி டிரைவர் இருளப்பன் ஒரு திருகைத் திருப்புவான். திருப்புனா சீட்டுக்கடியில இருக்கிற கன்ட்ரோல் பெட்டி முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் பேச வச்சு, நாலையும் சேத்து ஒரே வேகத்துல இழுக்க வைக்கும். நாலும் இழுத்தா டேஷ்போர்டுல ஒரு பச்சை விளக்கு நின்னு எரியும். எரியுறது நின்னு, மினுக்க ஆரம்பிச்சதுதான் எல்லாத்துக்கும் ஆரம்பம்.

அன்னைக்குத் திங்கக்கிழமை, தை மாசம், பனி. விளக்கு மினுக் மினுக்குன்னுச்சு, இருளப்பன் அதை விரலால ரெண்டு தட்டு தட்டிட்டுப் பாறையில இறக்கிட்டான். கீழ்ப்பட்டி ஸ்டாண்டுல நிறுத்திப் பின்னால திரும்பிப் பாத்தா பெஞ்சு ரெண்டும் காலி. பத்துப் பேரைக் காணோம், பீன்ஸ் மூட்டையைக் காணோம், ஒரு சேவலையும் காணோம். முன்னால உக்காந்திருந்த அங்குச்சாமியும் கமிட்டிக்காரர் ஏகாம்பரம் வாத்தியாரும் இறங்கி வேட்டியை உதறிக் கட்டிக்கிட்டு, "எங்கயாச்சும் இறங்கி நடந்து வருவாங்க" அப்படின்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க. மனுசங்களா பாருங்க. மறுநாள் செவ்வாக்கிழமை அதே நேரத்துக்கு ஜீப்பு வந்து நின்னப்போ, செவ்வாக்கிழமை ஏறுன பத்துப் பேரு பின்னால இல்ல, திங்கக்கிழமை ஏறுனவங்க உக்காந்திருந்தாங்க. பாதியில விட்ட பேச்சைக்கூட முடிக்கல, சேவல் கூவிக்கிட்டிருந்துச்சு, பீன்ஸ்ல பனி காயல. அவங்களுக்கு அது முக்கால் மணி நேரம்தான். ஊருக்கு ஒரு நாள்.

ஏறும்போதும் இதே கதைதான். சந்தைக்குப் போய்ட்டு வர்ற பின்சீட்டு ஆளுக்குப் போகையில ஒரு நாள், வரையில ஒரு நாள், ஆக ரெண்டு நாள் காணாமப் போகும்.

சரி, ஊரு கொதிச்சு எந்திரிச்சுதான்னு கேப்பீங்க. மண்ணாங்கட்டி. ஒரு மாசத்துல பழகிருச்சு. எனக்கு உலகத்துலயே பிடிக்காத வார்த்தை இந்தப் பழகிருச்சுதான், அதைக் கேட்டாலே ஸ்பேனரைத் தூக்கி எறியத் தோணும். புதன்கிழமை கல்யாணம்னா பின்சீட்டுக்காரங்க செவ்வாக்கிழமையே ஏறிருங்கன்னு பத்திரிகையிலயே அச்சடிச்சாங்க. வீட்டுல குடிச்சிட்டுக் கூத்தடிக்கிற புருஷனைப் பொண்டாட்டிமாரு நாலு பேரு சேந்து தூக்கிப் பின்சீட்டுல போட்டு அனுப்பிட்டு ஒரு நாள் நிம்மதியாத் தூங்குனாங்க. கீழேருந்து மீன் வாங்கிப் பின்னால போட்டா மறுநாள் வந்து சேரும்போதும் கண்ணு பளபளன்னு இருக்கும், ஐஸே வேண்டாம். அதைக் கண்டுபிடிச்ச நாள்லருந்து அங்குச்சாமி வீட்டுல வாரம் மூணு தரம் மீன் கொழம்பு. ரெட்டையாப் பிறந்ததுல, வாராவாரம் சந்தைக்குப் போற அக்கா ஒருத்தி, போகாத தங்கச்சியை விட வயசுல சின்னவளாயிட்டா, இப்ப யாரு யாரை அக்கான்னு கூப்பிடுறதுன்னு அந்த வீட்டுல ஒரே சண்டை. பொண்ணு பாக்க வந்தவங்க, "மாப்பிள்ளை வீட்டுக்கு முன்சீட்டு உண்டா"ன்னு கேட்டாங்க. ஒருத்தன் பானட்டு மேல உக்காந்து அன்னைக்கே போயிடலாம்னு பாத்தான், வழுக்குப்பாறையில விழுந்து கால் ஒடிஞ்சதுதான் மிச்சம்.

ஏழுமேட்டுச்சாமிக்கு நேந்துக்கிட்டாங்க, கும்மியில பாட்டுக் கட்டுனாங்க, எல்லாம் செஞ்சாங்க. வண்டியைச் சரிபண்ணுங்கன்னு கமிட்டி முன்னாடி போய் நின்னு கேட்டவன் ஒருத்தன் இல்ல. கமிட்டி எதுக்குத் துடிக்கப் போகுது? கமிட்டிக்காரங்க உக்கார்றது முன்சீட்டுல.

ஆனாலும் பேருக்கு ஒரு வைத்தியம் பாக்கணுமே. கீழ்ப்பட்டியிலருந்து மடிக்கணினியோட ஒருத்தர் வந்தாரு, கழுத்துல டை வேற. வண்டியில ஒரு வயரைச் சொருகிட்டு ரொம்ப நேரம் மூக்கைச் சொறிஞ்சிட்டு, "முன் அச்சும் பின் அச்சும் ஒத்துப்போகலன்னு எரர் கோடு காட்டுது"ன்னாரு. அடேங்கப்பா. அதைத்தான் ஊர்ல சேவல் மொதக்கொண்டு சொல்லிக்கிட்டிருக்கு. பிள்ளைக்கு ஜுரம்னு கூட்டிட்டுப் போனா, ஆமா ஜுரம்தான்னு சீட்டு எழுதிக் குடுக்கிற டாக்டர் மாதிரி. பெட்டியை மாத்தணும்னு மாத்துனாரு, புதுப் பெட்டி வந்து புது விளக்கா மினுக்குச்சு. அடுத்து ஒருத்தர் வந்து கீழ இருக்கிற மோட்டாரை மாத்துனாரு. அதுக்கடுத்து வந்தவரு வண்டிக்கு ஜாதகம் கேட்டாரு. கேட்டவனைச் சொல்லக்கூடாது, வண்டி வாங்குன தேதியும் நேரமும் எழுதிக் குடுத்தாரே ஏகாம்பரம் வாத்தியாரு, அவரைச் சொல்லணும்.

நான் பாத்தது கால் மணி நேரம். திருகைத் திருப்பி விளக்கு மினுக்க விட்டு, மீட்டரோட ஒரு முனையை பேட்டரி மைனஸ்ல வச்சேன், இன்னொரு முனையைப் பெட்டியோட எர்த்து வயர்ல வச்சேன். எர்த்து நல்லா இருந்தா முள்ளு அசையவே கூடாது. மூணு வோல்ட்டுக்குப் போய் நின்னுச்சு. அவ்வளவுதான், வேற ஒண்ணுமில்ல, பெட்டிக்குக் கால் தரையில படல. கால் தரையில படாத பெட்டி முன்சக்கரத்துக்கு ஒண்ணு சொல்லும், பின்சக்கரத்துக்கு ஒண்ணு சொல்லும், அந்த வித்தியாசம் எங்கயாச்சும் போய்த்தான ஆகணும்? பின்னால உக்காந்திருக்கிறவங்க தலையில போய் விழுந்துச்சு. வித்தியாசம்னு ஒண்ணு வந்தா அது எப்பவும் பின்னால உக்காந்திருக்கிறவன் தலையிலதான் விழும், அதுல ஒண்ணும் மாயமில்ல.

எர்த்து ஏன் போச்சு? அது எங்க ஊர்க்காரங்களுக்கு மட்டுமே வர்ற புத்தி. மாசித் திருவிழாவுக்கு ஏழுமேட்டுச்சாமியோட பூசைப் பெட்டி இந்த ஜீப்புலதான் ஊர்வலம் வரும், அதுவும் முன்சீட்டுலதான். சாமி கண்ணுல துரு படக்கூடாதாம். அதனால வருஷா வருஷம் வண்டியைப் பச்சைப் பெயிண்ட்டுல முக்கி எடுப்பாங்க, வெளிய மட்டுமில்ல, பானட்டுக்குள்ள, சீட்டுக்கடியில, போல்ட்டு, நட்டு, வயரு முனை, எதையும் விடமாட்டாங்க. போன தைக்கே பெயிண்ட்டு வேலையை ஆரம்பிச்சு, எர்த்து போல்ட்டைக் கழட்டி அதுக்கடியிலயும் ஒரு பூச்சு பூசி, பக்தியோட திருப்பி மாட்டிருக்காங்க. பெயிண்ட்டைத் தாண்டிக் கரண்டு போகுமா? சுத்தி இருந்தது ஏழு வருஷத்துப் பூச்சு, என் கட்டைவிரல் நகம் கனத்துக்கு இருந்துச்சு.

"ஒத்தை ரூபா அளவு இடம், உப்புத்தாள் வச்சுத் தேச்சா போதும், அஞ்சு நிமிஷம்"னு கமிட்டியில போய்ச் சொன்னேன்.

அங்குச்சாமி காதைப் பொத்திக்கிட்டாரு. "சாமிக்குன்னு அடிச்ச பெயிண்ட்டை ஒரு பொம்பளை சொரண்டுறதா? அபச்சாரம்."

"அப்ப நீங்களே சொரண்டுங்க."

"யாரும் சொரண்டக்கூடாது. அது மேல கை வச்சா கை வெளங்காது."

வாத்தியாரு கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டு, "மடிக்கணினியிலயே வராத கோளாறு உன் முள்ளு மீட்டர்ல வருதாக்கும்"னு கேட்டாரு. நான் எந்திரிச்சு வந்துட்டேன். பெட்டிக்கு வர்ற முன்சக்கர பிளக்கையும் பின்சக்கர பிளக்கையும் மாத்திச் சொருகுனா எல்லாம் தலைகீழாயிரும்னு எனக்கு அன்னைக்கே தெரியும், ரெண்டும் ஒரே அளவு, ஒரே கறுப்பு, பெயிண்ட்டும் படாதது. ஆனா அது ரிப்பேர் இல்ல, கோளாறை ஒருத்தன் தலையிலருந்து எடுத்து இன்னொருத்தன் தலையில வைக்கிற வேலை. நான் ரிப்பேர்க்காரி. அந்தக் கர்வம் எனக்கு உண்டு.

வெள்ளையம்மா கதைக்கு வர்றேன். அவ புருஷன் மொளகு பறிக்கையில மரத்துலருந்து விழுந்து செத்துட்டான். அவன் திருத்துன மூணு ஏக்கர் காடும் கைப்பிள்ளை செல்லக்கிளியும்தான் அவளுக்கு மிச்சம். வாழைத்தார் சுமையோட பிள்ளையையும் தூக்க முடியாதுன்னு பிள்ளையைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு வாராவாரம் சந்தைக்கு வருவா, பின்சீட்டுல. அவளுக்கு அது அரை நாள், பிள்ளைக்கு ரெண்டு நாள். பால் கட்டி வலியெடுக்கிறதுக்கு முன்னாடி வந்துருவா, ஆனா பிள்ளை அழுது ஓஞ்சு தூங்கிப் போயிருக்கும். ஐப்பசியில ஒருதரம் வந்து இறங்குறா, தவழ்ந்துக்கிட்டிருந்த பிள்ளை ஸ்டாண்டுல நடந்து எதுக்க வருது. மொத அடி, ரெண்டாவது அடி, விழுந்தது, எந்திரிச்சது, ஊரே பாத்திருக்கு, பெத்தவ பாக்கல. சந்தோஷப்படுறதா அழுகிறதான்னு தெரியாம ரோட்டுலயே உக்காந்து, "என் நாளெல்லாம் எங்கம்மா போகுது"ன்னு ஓன்னு அழுதா. முன்சீட்டுலருந்து இறங்குன அங்குச்சாமி சொன்னது என் காதுல விழுந்துச்சு: "ஒரு நாள், ரெண்டு நாள் முன்னப்பின்ன ஆனா என்ன கெட்டுப்போச்சு? உனக்கென்ன கலெக்டர் உத்தியோகமா?"

அந்தக் காட்டு மேல அவருக்கு ஒரு கண்ணு. அது அவர் காப்பித் தோட்டத்தை ஒட்டி இருந்துச்சு, தண்ணி ஊத்து இருந்ததும் அதுக்குள்ளதான். வெள்ளையம்மா பட்டாவுக்கு எழுதிப் போட்டா, அவரும் அது தான் திருத்துன காடுன்னு எழுதிப் போட்டாரு. கீழ்ப்பட்டி தாலுகா ஆபீஸ்ல விசாரணை வைப்பாங்க, வராத ஆளுக்குக் காடு கிடையாது.

கார்த்திகை மாசம் ஒரு வியாழக்கிழமை காலையில ஒம்பதே காலுக்கு, ஜீப்பு கிளம்புற நேரம், அங்குச்சாமி வந்து முன்சீட்டுல ஏறி உக்காந்துக்கிட்டு, ஜிப்பாப் பையிலருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டுனாரு. "வெள்ளையம்மா, உனக்குச் சேதி வந்திருக்கு. இன்னைக்குப் பத்தரைக்கு விசாரணையாம். பின்னால ஏறிக்க."

காகிதத்தை நான் வாங்கிப் பாத்தேன். வந்து எட்டு நாளாச்சு. ஊர்க் கடுதாசியெல்லாம் கமிட்டி விலாசத்துக்குத்தான் வரும், எட்டு நாளும் அது அவரோட பையில மடிப்புக் கலையாம இருந்திருக்கு. நடந்து இறங்குனா அஞ்சு மணி நேரம். பின்னால ஏறுனா நாளைக்கு.

"அய்யா, இன்னைக்கு ஒரு நாள் முன்னால இடம் குடுங்கய்யா, டேஷ்போர்டுக்குக் கீழ குத்த வச்சாவது வர்றேன்"னு வெள்ளையம்மா பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டா.

"வாத்தியாரு சாட்சிக்கு வர்றாரு. இடமில்ல."

வாத்தியாரு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. இருளப்பன் ஸ்டீயரிங்கைப் பாத்தான். பின்னால உக்காந்திருந்த பத்துப் பேரும் அவங்கவங்க கால் கட்டைவிரலைப் பாத்தாங்க. தூ, இதுக்குப் பேரு ஊராம்!

அப்பத்தான் என் கர்வம் செத்துச்சு. "இருளப்பா, இறங்கு. பெட்டியில சூடு வாசனை வருது, பாறையில நின்னுறப் போகுது"ன்னேன். அவன் இறங்கவும் சீட்டைத் தூக்குனேன்.

"பெயிண்ட்டைத் தொடாதே"ன்னு அங்குச்சாமி கத்துனாரு.

"தொடலங்க. சாமி சத்தியமாத் தொடல."

ரெண்டு பிளக்கைப் பிடுங்கி, இதை அங்க, அதை இங்க. ரெண்டு நிமிஷம்கூட ஆகல. சீட்டைப் போட்டுட்டு வெள்ளையம்மா காதுல, "வாயை மூடிக்கிட்டுப் பின்னால ஏறு"ன்னேன். அவ என்னைப் பாத்த பார்வையில நம்பிக்கை ஒண்ணும் இல்ல. இருந்தாலும் ஏறுனா. வேற என்ன செய்வா?

இனி அவ சொன்னதைச் சொல்றேன். வழுக்குப்பாறையில விளக்கு மினுக்குச்சு, வண்டி ஒரு குலுக்குக் குலுக்குச்சு. முன்னால பாத்தா அங்குச்சாமி இல்ல, வாத்தியாரு இல்ல, இருளப்பனும் இல்ல. ஸ்டீயரிங் தானா வளையுது, பிரேக்கு தானா அமுங்குது, வளைவுல ஹாரன்கூட அடிக்குது. பின்னால இன்னைக்கு ஏறுன பதினொரு பேரு மடியில, நேத்து ஏறுன பத்துப் பேரு வந்து பொத்துன்னு விழுந்துட்டாங்க, அவங்க வர வேண்டிய நாள் இதுதானே. இருபத்தோரு பேரு, மூணு கூடை கோழி, மூச்சு விட இடமில்ல. ஒருத்தி, "டிரைவரைக் காணோமே"ன்னா. இன்னொருத்தி, "இது நல்லாத்தான் ஓட்டுது, நீ அந்தக் கோழியைப் பிடி"ன்னா. இப்படித்தான் எங்க ஜனம். செல்லக்கிளி மட்டும் கையைத் தட்டிச் சிரிச்சிருக்கு.

பத்துக்கெல்லாம் கீழ்ப்பட்டி. பத்தரைக்கு தாசில்தார் முன்னாடி வெள்ளையம்மா நின்னா, அவளுக்குப் பின்னால இருபது பேரு நின்னாங்க. பதினோரு மாசமா வாயைத் திறக்காத ஜனம், அங்குச்சாமி இல்லாத அறையில வாயைத் திறந்துச்சு. யாரு வெட்டுன காடு, யாரு நட்ட மொளகு, யாரு எந்த மரத்துலருந்து விழுந்தது, எல்லாம் சொன்னாங்க. அங்குச்சாமி பேரை ஆபீஸ்ல மூணு தரம் கூப்பிட்டாங்க. வரல. காடு வெள்ளையம்மா பேருக்கு எழுதியாச்சு. அவ காகிதத்தை மடியில சொருகிக்கிட்டு, பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு, பதினாலு கிலோமீட்டரும் நடந்தே மலை ஏறி வந்துட்டா. இனி என் நாள்ல ஒண்ணைக்கூட எதுக்கும் விட்டுக்குடுக்க மாட்டேன்னு சொன்னா.

ஜீப்பு கீழ்ப்பட்டி ஸ்டாண்டுல அன்னைக்குப் பூரா ஆளில்லாம நின்னுச்சு. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முன்சீட்டுல மூணு பேரும் முளைச்சாங்க. அங்குச்சாமி வேட்டியை உதறிக்கிட்டு நேரா தாலுகா ஆபீஸுக்குப் போய், "விசாரணைக்கு வந்திருக்கேன்"னு சொல்லிருக்காரு. "அது நேத்துங்க"ன்னு பியூன் காலண்டரைக் காட்டிருக்கான்.

சாயங்காலம் ஜீப்பு மலை ஏறி வந்ததைப் பாக்கணுமே. தலைவரு கணக்குல கெட்டிக்காரரு, விஷயத்தைப் புரிஞ்சுக்கிட்டு முன்சீட்டைத் திரும்பியும் பாக்காமப் பின்னால தாவி ஏறிட்டாரு, வெங்காய மூட்டைக்கும் குடிகாரன் ஒருத்தனுக்கும் நடுவுல நசுங்கி வந்தாரு. வாத்தியாரு மரியாதை போயிரும்னு முன்னாலயே உக்காந்தாரு, அவரும் இருளப்பனும் சனிக்கிழமைதான் வந்தாங்க. இருளப்பன் பாவம்னு சொல்வாங்க. நான் சொல்ல மாட்டேன், பதினோரு மாசம் வாயை மூடிட்டு ஓட்டுனவன் அவன்.

இறங்குனதும் இறங்காததுமா ஸ்டாண்டு நடுவுல நின்னு அங்குச்சாமி கத்துனாரு. வேட்டியில முழங்கால் வரைக்கும் சேறு. "என் நாள் போச்சே! ஒரு முழு நாள்! வியாழக்கிழமைன்னு ஒண்ணு எனக்கு இல்லவே இல்லையே! இதுக்கு யாரு பதில் சொல்றது?"

கூட்டம் கட்டைவிரலைப் பாக்கல, அவரைப் பாத்துச்சு. வெள்ளையம்மா பிள்ளையை இறக்கி விட்டா, அது தத்தித் தத்தி அவர் கால்கிட்ட நடந்து போய்ச் சேத்தைத் தொட்டுப் பாத்துச்சு.

"ஒரு நாள்தானங்கய்யா, முன்னப்பின்ன ஆனா என்ன கெட்டுப்போச்சு?"ன்னா வெள்ளையம்மா. குரலை உசத்தக்கூட இல்ல. "என் பிள்ளை நடந்த நாளை நான் யாரையும் கேக்கலையே."

அவரு விறுவிறுன்னு என் கடைக்கு வந்து, "உப்புத்தாள் இருக்கா"ன்னு கேட்டாரு. கை வெளங்காதேன்னு நான் நினைவூட்டுனேன். காதுல விழாத மாதிரி தாளை வாங்கிட்டுப் போய், சீட்டைத் தூக்கி, அவரே குனிஞ்சு தேச்சாரு, ஒத்தை ரூபா அளவு, இரும்பு வெள்ளையாத் தெரியுற வரைக்கும். அஞ்சு நிமிஷம். நான் போல்ட்டை முறுக்கிட்டு, பிளக்கைப் பழையபடி மாத்திட்டு, திருகைத் திருப்பி மீட்டரை வச்சேன், முள்ளு அசையல. பச்சை விளக்கு நின்னு எரிஞ்சுச்சு. ஏழுமேட்டுச்சாமி ஒண்ணும் சொல்லல. சாமிக்கு எப்பவும் ஆட்சேபனை இருந்ததில்லன்னு நினைக்கிறேன்.

பதினோரு மாசம் ஊரே நாளைத் தொலைச்சப்போ முடியாதது, ஒருத்தன் ஒரே ஒரு வியாழக்கிழமையைத் தொலைச்சதும் அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது. இப்ப எல்லாரும் ஒரே நாள்ல போறாங்க, ஒரே நாள்ல வர்றாங்க, மீனு நாறுது, குடிகாரன் அன்னைக்கே வீட்டுக்கு வந்துர்றான்னு அதுக்கும் நாலு பேரு என்னையத்தான் வையுறாங்க. வையட்டும். அந்த ரெண்டு பிளக்கும் இன்னைக்கும் ஒரே அளவு, ஒரே கறுப்பு. அங்குச்சாமிக்கு அது தெரியும். தெனமும் ஜீப்புல கால் வைக்கிறதுக்கு முன்னாடி என் கடைப் பக்கம் திரும்பி, "சவேரி, காலையில சாப்பிட்டியாம்மா"ன்னு கேக்குறாரு.